ஒன்பது பேரும் ஒரு காத்தாடியும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மோனோரெயில் தூண்களைத் தாண்டி, தையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. போன வருஷம்வரைக்கும் அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கேரம் மண்டபம் எங்கே என்று கேட்டால் பூக்கடைக்காரர் நிமிராமலே கையைக் காட்டுவார். உள்ளே ஒரு கேரம் பலகை, பன்னிரண்டு நாற்காலி, முந்தின நாள் பேப்பர், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மின்சாரக் காத்தாடி. பத்தரை மணிக்கு டீ. வயசானவர்கள் வருவார்கள், உட்காருவார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று ஒரு ஆத்மா அளந்து பார்த்தது கிடையாது. அந்தக் குறையைப் போக்கத்தான் பொன்னந்தி அறநிறுவனம் வந்து சேர்ந்தது.

வந்ததும் முதல் வேலையாகப் பலகை மாட்டினார்கள். 'பொன்னந்தி முதியோர் சமூக இணைப்பு மற்றும் ஆனந்த மேம்பாட்டு மையம்.' மண்டபத்து முகப்பு அவ்வளவு அகலம் இல்லை. அதனால் 'மேம்பாட்டு மையம்' என்பது மட்டும் தையல் கடைச் சுவரில் போய் நின்றது. மறுநாளே ரெண்டு பேர் தையல்காரரிடம் ஏதோ பயிற்சி நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நம்ம நாகையாவுக்கு வயசு எழுபத்து நாலு. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் காகிதத்தில் கோடு போடுகிற உத்தியோகம். எண்ணி முடித்ததும் அடியில் 'எண்ணிக்கை சரி, நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு லோரி நகராது. இப்போது கிள்ளானில் மகள் ரமணி வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில் கொமுட்டர் ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, மண்டபத்துக்கு நடந்து வருவார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

"கிள்ளான்ல கேரம் போர்டே இல்லையாப்பா?" என்று ரமணி கேட்பாள்.

"போர்டு இருக்கு லா. கந்தையா சார் இல்லையே" என்பார்.

கந்தையா சார் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். எழுபத்தெட்டு வயசிலும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, பையில் பேனா குத்திக்கொண்டுதான் வெளியே வருவார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி குணபூசணி போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் பிரேமினி மெல்பர்னில். பக்கத்து அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் சார் தனியாக இருந்தார். கூடவே பேச்சையும் நிறுத்திவிட்டார். யார்மேலும் கோபம் இல்லை. பேசுவதற்கு இருந்த ஆள் போனபிறகு வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பதினோரு மாசம் மண்டபத்துக்கு வந்தார், உட்கார்ந்தார், டீ குடித்தார், போனார்.

ஒருநாள் நாகையா அவரைப் பிடித்துக் கேரம் பலகைக்கு எதிரே உட்கார வைத்தார். ஆட்டத்தின் நடுவில் நாகையாவின் கை கவனமில்லாமல் மூலைக்கோட்டைத் தாண்டிவிட்டது.

"பிழை" என்றார் கந்தையா சார். "உம்மட கை கோட்டைத் தாண்டிட்டுது."

பதினோரு மாசத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நாகையா எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது அவர் கை கோட்டைத் தாண்டும். சார் முகம் ரொம்ப வாடியிருந்தால் மூணு தடவைகூடத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் சார் வாயைத் திறப்பார். திறந்த வாய் சில நாள் அப்படியே நேற்றைய மழை, குணபூசணி வைக்கிற சொதி என்று நாலு வாக்கியம் ஓடும். இந்த வைத்தியத்துக்கு நாகையா எந்தச் சான்றிதழும் வாங்கவில்லை.

பொன்னந்தியிடம் சான்றிதழ் சுவர் நிறைய இருந்தது. மையத்தின் தலைமை இணைப்பு அதிகாரி பெயர் ஜெயந்திரன். நாற்பது வயசு இருக்கும். ரெண்டு போன், கழுத்தில் தொங்கும் அட்டை, எந்நேரமும் வேறெங்கேயோ போக வேண்டியவர் மாதிரி ஒரு நடை. திறப்பு நாளில் அவர் பேசியதை நாகையா முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"அங்கிள்மார்களே, ஆன்டிமார்களே. முதியோருக்கு வர்ற பெரிய நோய் தனிமை. தனிமைக்கு மருந்து மனுஷன்னு அந்தக் காலத்துல நெனைச்சாங்க. மனுஷன வச்சு எத்தன பேருக்கு வைத்தியம் பண்ண முடியும்? அவன் லீவு எடுப்பான். அவனுக்குச் சளி பிடிக்கும். திடீர்னு அவன் சொந்தக் கதையப் பேச ஆரம்பிச்சிருவான். நம்ம தொழில்நுட்பத்துக்கு அந்தக் குறை எதுவும் கெடையாது. இனிமே நீங்க ஒருத்தர ஒருத்தர் நம்பி இருக்க வேண்டிய அவசியமே இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். நாகையாவும் தட்டினார், அடுத்து பலகாரம் என்று சொல்லியிருந்தார்கள்.

தொழில்நுட்பம் என்று அவர் சொன்னது ஒரு மேசை. ஆனந்த மேசை என்று பெயர். கூரையிலிருந்து ஒரு கருவி வெளிச்சத்தைக் கொட்டும். மேசைமேல் குளம் தெரியும், குளத்தில் மீன் நீந்தும். கையை வைத்தால் மீன் விலகி ஓடும், தாமரை விரியும், ஒரு பெண் குரல் 'அருமை, அருமை' என்று சொல்லும். நல்ல சாமான்தான், பொய் சொல்லக்கூடாது. வள்ளியம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அவர் கிள்ளான் பாசாரில் முப்பது வருஷம் மீன் வெட்டியவர். முதல் நாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ன மீனு இது, செதிலும் இல்ல, நாத்தமும் இல்ல" என்று செவுளைப் பார்த்துக் கையைப் போட்டார். மீன் நழுவியது. வள்ளியம்மா விடவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்தக் குளத்தோடு மல்லுக்கட்டினார்.

மேசையோடு போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. கூடவே ஆளுக்கொரு பட்டை வந்தது, மணிக்கட்டில் கட்ட. உறவுப் பட்டை. கை எவ்வளவு ஆடுகிறது என்று அது பார்க்கும். இன்னொரு பட்டைக்கு ஒரு மீட்டருக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்றும் பார்க்கும். ரெண்டையும் பெருக்கி, நூற்றுக்கு இத்தனை இணைப்புப் புள்ளி என்று சுவரில் இருக்கிற பெரிய திரையில் போடும். எண்பதுக்கு மேலே பச்சை முகம், நாற்பதுக்குக் கீழே சிவப்பு முகம். இதையெல்லாம் கவனிக்க மாதவி என்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். ஆனந்த ஒருங்கிணைப்பாளர் என்பது அவள் பதவி. டீ போடுவது, கழிவறைக்குத் தாள் வைப்பது, பட்டைகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது, சிவப்பு முகக்காரர்களிடம் போய் 'ஏன் அங்கிள்' என்று கேட்பது, எல்லாம் அவள்தான்.

கேரம் பலகையைத் தூக்கி ஸ்டோரில் போட்டார்கள்.

"அதுல டேட்டா வராது, அங்கிள்" என்றார் ஜெயந்திரன்.

"காய் உள்ள விழும், பாஸ். அது பத்தாதா?"

"உங்களுக்குப் பத்தும். நிதி கொடுக்கிறவங்களுக்குப் பத்தாது."

நாகையா காலில் விழாத குறையாகக் கேட்டு, தினம் ஒரு மணி நேரம் ஸ்டோரிலேயே ஆட அனுமதி வாங்கினார். உடைந்த நாற்காலிகளுக்கும் தண்ணீர்ப் பெட்டிகளுக்கும் நடுவில் ரெண்டு பேரும் ஆடினார்கள். ஆனால் கேரத்தில் வேலை செய்வது விரல்தானே, மணிக்கட்டு அசையாது. ரெண்டு பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அசைவு மட்டும் இல்லை. கருவி யோசித்துப் பார்த்து அதைத் 'துணையுடன் தூக்கம்' என்று எழுதிக்கொண்டது. நாகையா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர், அதனால் நாற்பத்தொன்றில் தப்பித்தார். கந்தையா சாருக்குக் கிடைத்தது ஏழு.

மூணாவது வாரம் சாருக்குக் கடிதம் வந்தது. மாதவிதான் கொண்டுவந்து கொடுத்தாள். 'தங்களுடைய இணைப்புப் புள்ளி 7. தாங்கள் கடுமையான தனிமையில் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே அடுத்த மாதம் முதல் தாங்கள் மையத்துக்கு வரத் தேவையில்லை. தங்கள் இல்லத்துக்கு ஒரு டேப்லெட் அனுப்பப்படும். அது மணிக்கு ஒருமுறை தங்களை நலம் விசாரிக்கும்.'

நாகையா அதை ரெண்டு தடவை படித்தார்.

"தனியா இருக்காருன்னு சொல்லி, தனியா இருன்னு அனுப்புறீங்களாம்மா?"

"சிஸ்டம் அப்படித்தான் பிரிக்குது அங்கிள்" என்றாள் மாதவி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் சொன்னா மாறாது."

கந்தையா சார் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி" என்றார்.

அந்தச் 'சரி'தான் நாகையாவைக் கலக்கிவிட்டது. ஒரே ஒரு தடவை அவர் அந்த ஒன்பதாவது மாடிக்குப் போயிருக்கிறார். டீவியைத் துணி போட்டு மூடியிருந்தது. காலண்டர் குணபூசணி போன மாசத்திலேயே நின்றது. அங்கே இந்த மனுஷனை ஒரு டேப்லெட்டோடு அடைத்துவைத்தால் ஆறு மாசம் தாங்கமாட்டார் என்று நாகையாவுக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. அன்றைக்குக் கொமுட்டரில் ஷா ஆலம் தாண்டும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு போனார்.

பாடாங் ஜாவா வந்தபோது துறைமுகம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே வேலைக்கு வந்தால் கடிகாரத்தில் கார்டு குத்த வேண்டும். குழுவில் ஒருத்தன் சீக்கிரம் வந்து ஏழு பேர் கார்டையும் குத்திவிடுவான். மற்ற ஆறு பேர் ரொட்டி சானாய் தின்றுவிட்டுச் சாவகாசமாக வருவார்கள். கார்டு வந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கடிகாரம் ஒருத்தன் முகத்தையும் பார்த்தது கிடையாது.

மறுநாள் காலையில் நாகையா முதல் ஆளாக வந்தார். பழைய காத்தாடியைத் தூண் மறைவில் நகர்த்தினார். அதன் முன்பக்கக் கம்பி வலையில், சார்ஜில் கிடந்த தன் பட்டையையும் சார் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, தலையாட்டுகிற பொத்தானை அமுக்கினார். காத்தாடி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. ரெண்டு பட்டையும் கூடவே போய்க் கூடவே வந்தன. பதினோரு மணிக்குத் திரையில் கந்தையா சார் பச்சையாகிவிட்டார். எண்பத்தெட்டு. பழைய கடிதத்தைச் சிஸ்டம் தானாகவே ரத்து செய்துவிட்டது.

ஜெயந்திரன் வாரத்துக்கு ரெண்டு தடவை வருவார். வந்தால் திரையைப் பார்ப்பார். திரைக்குக் கீழே நாற்காலிகள் காலியாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை, நாற்காலிக்குப் புள்ளி கிடையாது. மாதவி மூணாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். காத்தாடிக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டுப் போனாள்.

இந்த மாதிரி விஷயம் கசியாமல் இருக்குமா? மாசக் கடைசிக்குள் காத்தாடியில் ஒன்பது பட்டை தொங்கியது. ஒன்பது பேரும் ஸ்டோரில் உட்கார்ந்து கேரம் ஆடினார்கள், பேப்பர் படித்தார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள். மண்டபத்தில் ஆனந்த மேசை தன்பாட்டில் மினுங்கியது. வள்ளியம்மா ஒருத்தர் மட்டும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு மீனோடு போராடினார். "எனக்கு எதுக்குக் காத்தாடி, நானே ஆடுவேன்" என்றுவிட்டார். ஆனால் அவர் பக்கத்தில் வேறு பட்டை இல்லாததால் புள்ளி ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. ஜெயந்திரன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஆன்டி, நீங்க மத்தவங்களோட கலந்து பழகணும். கந்தையா அங்கிளப் பாருங்க. ஒன்பது மணியிலேருந்து ஒரு நிமிஷம் ஓயல."

வள்ளியம்மா தூண் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஆமா தம்பி" என்றார். "எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரு. யார்கிட்டயும் ஒரு வித்தியாசம் இல்ல."

"அதான் ஆன்டி பக்குவம்" என்றார் ஜெயந்திரன்.

மூணாவது மாசம் கந்தையா சாருக்கு இன்னொரு கடிதம் வந்தது. நல்ல தடித்த தாள், ஓரத்தில் தங்கக் கோடு. 'தங்களுடைய இணைப்புப் புள்ளி 97. தாங்கள் சமூகத்தோடு முழுமையாக இணைந்துவிட்டீர்கள். ஆகவே மையத்தின் சேவை தங்களுக்கு இனித் தேவையில்லை. ஆண்டு விழாவில் இணைப்புச் செம்மல் விருது வழங்கித் தங்களை வழியனுப்பி வைப்பதில் மகிழ்கிறோம். தங்கள் இல்லத்துக்கு ஒரு டேப்லெட் அனுப்பப்படும்.'

நாகையா அதையும் ரெண்டு தடவை படித்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே ஜெயந்திரன் அறைக்குள் போய்விட்டார்.

"ஏழு எடுத்தாலும் வீட்டுக்கு, தொண்ணூத்தேழு எடுத்தாலும் வீட்டுக்கா பாஸ்?"

"அங்கிள், அவர் குணமாயிட்டாரு. குணமானவர் திரும்பத் திரும்ப வந்தா என்ன அர்த்தம்? குணமாகலன்னு அர்த்தம். அப்புறம் என்னோட புள்ளிவிவரம் என்னாகுறது?"

"சும்மா வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போனா?"

"பேர்ல பட்டை இல்லாதவர் உள்ள வந்தா கதவு கத்தும். நாங்க அதுக்குத்தான் நல்ல கதவாப் பார்த்து வாங்கியிருக்கோம்."

நாகையா ஸ்டோருக்குத் திரும்பினார். கந்தையா சார் காய்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்.

"சார், நான்தான் கெடுத்துட்டேன். உங்களக் காப்பாத்துறேன்னு என் கையாலயே வெளிய தள்ளிட்டேன்."

சார் அடுக்கிய காய்களை விரலால் ஒருமுறை நேராக்கினார். "சரி" என்றார். அன்றைக்கு நாகையா நாலு தடவை கோட்டைத் தாண்டியும் அவர் வாயைத் திறக்கவில்லை.

பொன்னந்தியின் ஆண்டு விழாவுக்கு மண்டபம் தாங்காத கூட்டம். வாழைமரம், தோரணம், புகைப்படக்காரர், நிதி கொடுக்கிற கம்பெனிகளிலிருந்து கோட்டுப் போட்ட ஆட்கள். திரையில் ஒன்பது பச்சை முகங்கள் நேரலையாக ஓடின. தூண் மறைவில், பதாகைக்குப் பின்னால், காத்தாடி கடமையைச் செய்துகொண்டிருந்தது. பொன்னந்தியின் தலைவர் டத்தோ சிவநேசன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"என் சொந்த அனுபவத்தச் சொல்றேன். எங்க அம்மா நம்ம சுங்கை பூலோ இல்லத்துல நாலு வருஷம் இருந்தாங்க. வேலைப் பளுவுல என்னால ஒரு தடவகூடப் போய்ப் பார்க்க முடியல. ஆனா ஒரு நாள்கூட அம்மா புள்ளியப் பார்க்காம நான் படுத்தது கெடையாது. அவங்க காலமாகி ரெண்டு நாள் கழிச்சும் எழுபத்தொன்னு காட்டுச்சு. உயிர் போயும் இணைப்பு போகல பாருங்க. அதுதான் பொன்னந்தி."

சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் எழுபத்தொன்று என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் கந்தையா சாரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்து, படம் எடுக்கும்வரை அசையாமல் நிற்கச் சொன்னார்கள். அவர் ரெண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, விசாரணைக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார். இன்னும் கால் மணி நேரத்தில் அவரைக் கைதட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். நாகையாவால் உட்கார முடியவில்லை. உண்மையைச் சொன்னால் ஒன்பது பேரையும் துரத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் சார் அந்தத் துணி மூடிய டீவிக்கு முன்னால் போய் உட்காருவார். நாகையா எழுந்தார்.

"டத்தோ, ஒரு நிமிஷம். அந்தத் தொண்ணூத்தேழு சார் இல்ல. அது காத்தாடி."

ஒருத்தருக்கும் புரியவில்லை. நாகையா பதாகையைத் தள்ளிவிட்டுப் போய் சுவிட்சை அணைத்தார்.

காத்தாடி ரெண்டு தடவை தயங்கி நின்றது. திரையில் ஒன்பது முகமும் ஒரே நேரத்தில் சிவந்தன. 'அருமை, அருமை' என்று சொல்லுகிற அதே பெண் குரல், கூரையிலிருந்து, "கந்தையா. அசைவு இல்லை. உறவு இல்லை. அவசர நிலை" என்றது. அடுத்து நாகையா. அடுத்து மற்ற ஏழு பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் தானாகச் செய்தி போனது. மண்டபத்தில் ஒவ்வொரு போனாக அடிக்க ஆரம்பித்தது.

"அப்பா, உங்களுக்கு அசைவே இல்லன்னு மெசேஜ் வருது" என்றாள் ரமணி, போனில்.

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் லா. அப்புறம் பேசறேன்."

மேடையில் கந்தையா சார் சட்டைப்பையும் அடித்தது. கேடயத்தை டத்தோ கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். ஒலிவாங்கி எதிரிலேயே இருந்தது.

"ஓம், பிரேமினி. நான் உயிரோடதான் நிக்கிறன் பிள்ளை." கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "அழாத. நான் விழேல்ல. இங்க ஒரு காத்தாடி நிண்டுபோச்சு, அவ்வளவுதான்." மறுபடி கேட்டுக்கொண்டார். "அஞ்சு மாசத்துக்குப் பிறகு எடுத்திருக்கிறாய். வேலை எண்டு எனக்குத் தெரியும். இல்ல, தனிய இல்ல. இங்க என்ர ஆக்கள் இருக்கினம். ஆனா என்னை இண்டையோட வீட்ட போகச் சொல்லுகினம். நான் குணமாம்." போனை மறு காதுக்கு மாற்றினார். "எனக்குப் போக விருப்பமில்ல பிள்ளை."

மண்டபம் முழுக்கக் கேட்டது. மாதவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாகையா வெளிப்படையாகவே அழுதார். டத்தோ சிவநேசன் கேடயத்தைக் கட்டிப்பிடித்தபடி ஜெயந்திரன் பக்கம் குனிந்தார்.

"யாராச்சும் அந்தக் காத்தாடியப் போடுங்கப்பா" என்றார்.

போட்டார்கள். ஒன்பது முகமும் பச்சையாயின. 'அருமை, அருமை' என்றது கூரை. கோட்டுப் போட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் அறிக்கையில் அது 'அவசர நிலையில் ஒன்பது முதியோரை இருபது விநாடியில் மீட்ட நேரடிச் செயல்விளக்கம்' என்று வந்தது.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடியது. நாகையாவைக் குற்றவாளியாகக் கூப்பிட்டு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். டத்தோ காகிதத்தைப் புரட்டினார்.

"காத்தாடியோட சராசரிப் புள்ளி எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு, டத்தோ" என்றார் ஜெயந்திரன். "ஒரு நாள்கூட லீவு எடுக்கல."

"டீ, பிஸ்கட்?"

"கேட்கல."

"கீழ விழுந்து வழக்கு கிழக்கு?"

"ஒருத்தரும் போடல. நாலு கால்ல நிக்குது, டத்தோ."

டத்தோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இதுல குறை எங்க இருக்கு? நாம இவ்வளவு நாளாத் தேடிக்கிட்டிருந்த முதியவர் இதுதானே."

முப்பது காத்தாடி வாங்குவதாகத் தீர்மானம் ஆனது. கிள்ளான் கிளைக்குப் பன்னிரண்டு, சுங்கை பூலோவுக்குப் பதினெட்டு. பதிவேட்டில் 'நிலையான பங்கேற்பாளர்' என்று சேர்ப்பது. பங்கேற்பாளர்களுக்கு இடைஞ்சல் வராமல் இருக்க, அளவீட்டு நேரத்தில் முதியோர் மண்டபத்துக்குள் நடமாட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்வது. நாகையாவுக்குத் தண்டனை கொடுக்கலாம் என்றார் ஒருவர். தண்டித்தால் காத்தாடி யோசனையைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைப் போட வேண்டிவரும் என்று ஜெயந்திரன் பயந்தார், அதனால் விட்டுவிட்டார்கள்.

"கந்தையா சார் வரலாமா?" என்று கேட்டார் நாகையா.

"அவர் குணமானவர் பட்டியல்ல போயாச்சு. மையத்துக்குள்ள அவருக்குக் கணக்கு கெடையாது."

"ஸ்டோரு மையத்துக்குள்ள வருமா, பாஸ்?"

ஜெயந்திரன் வரைபடத்தைப் பார்த்தார். "வராது. அது பொருட்கள் பிரிவு. பின்கதவு தனி. அங்க மனுஷங்களுக்குப் புள்ளியே கெடையாது."

"ரொம்ப நல்லது" என்றார் நாகையா.

மறுநாள் காலையில் கந்தையா சார் பின்கதவு வழியாக வந்தார். கதவு கத்தவில்லை, அது பழைய மரக்கதவு. அவரையும் சேர்த்து ஒன்பது பேரும் இருந்தார்கள். மண்டபத்திலிருந்து துரத்தப்பட்ட வள்ளியம்மாவும் பத்தாவது ஆளாக வந்து, "இதுலயாவது கைக்கு ஏதாச்சும் அகப்படுமா" என்று கேரம் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆட்டம் ஆரம்பித்தது. நாகையா கை கோட்டைத் தாண்டியது. சார் பேசவில்லை. நாகையா பயந்துபோய் மறுபடியும் தாண்டினார்.

"எத்தனை தரம் தாண்டுவீர்?" என்றார் கந்தையா சார். "நீர் வேணுமெண்டுதான் செய்யிறீர் எண்டு எனக்கு முதல் மாசமே தெரியும். உம்மட மனம் நோகக் கூடாது எண்டுதான் நானும் பிழை பிழை எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனான். இனி ஒழுங்கா விளையாடும்."

நாகையா ஒழுங்காக ஆடித் தோற்றார்.

பத்தரைக்கு மாதவி டீயோடு ஒரு படிவமும் கொண்டுவந்தாள். ஸ்டோரில் என்ன இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை எண்ணித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். "நீங்கதானே அங்கிள் எண்ணிப் பழகினவங்க" என்று நாகையாவிடம் நீட்டினாள். மேலே பெரிய எழுத்தில் 'பயன்பாட்டில் இல்லாத பொருட்கள்' என்று அச்சடித்திருந்தது.

நாகையா எழுந்து நின்று, துறைமுகத்தில் செய்த மாதிரியே விரலை நீட்டி எண்ணினார். உடைந்த நாற்காலி 4. தண்ணீர்ப் பெட்டி 6. கேரம் பலகை 1. அடுத்த வரியில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆட்கள் 10 என்று எழுதினார். அடியில் 'எண்ணிக்கை சரி, நல்ல நிலையில்' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

கந்தையா சார் படிவத்தை வாங்கினார். தலைமை எழுத்தர் பார்க்காமல் ஒரு தாள் வெளியே போகுமா? மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் படித்தார்.

"பிழை" என்றார்.

பத்துப் பேரும் தங்களைத் தாங்களே ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். சரியாகத்தான் இருந்தது. சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தலைப்பில் 'இல்லாத' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே 'உள்ள' என்று எழுதினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், அரசாங்க வழக்கப்படி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தேதி குறித்தார்.